ஜகார்த்தால மழையாம்

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும்மா, எனக்கு வேணாம். வெளிய பாத்துக்கிட்டு வந்தா எனக்குப் பேச்சு நின்னுடும். அவரா? அவரு இப்ப வரமாட்டாரு. செங்கல்பட்டு தாண்டுனதுலேருந்து அந்தக் கதவுகிட்டதான் நிக்கிறாரு பாருங்க, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. கேட்டா சிக்னல் இல்லையாம். அவரு சீட்டுல உங்க பையை வச்சுக்குங்க, பரவால்ல.

நீங்களும் வேளாங்கண்ணிக்கா? ஓ, மாயவரத்துல பொண்ணு வீடா. சரி சரி. நாங்க மாயவரத்துல இறங்கி காரு வச்சுப் போறோம்.

இல்லம்மா, நான் இந்த ஊரு இல்ல. தமிழ் பேசுறேனேன்னு பாக்குறீங்களா? மேடான். இந்தோனேசியா. எங்க தாத்தா புகையிலைத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவரு, அப்பா மசாலா அரைச்சு விக்கிற கடை வச்சிருந்தாரு. என் பேரு ஞானப்பூ. எங்க வீட்டுக்காரரு பத்தாக். அது ஒரு ஜாதி ஜனம், பெரிய ஏரிக்கரைக்காரங்க. மாரிஹோத் சிம்போலோன்னு பேரு. ரெண்டு பேரும் கோயில்ல ஒரே பாட்டுக் கூட்டத்துல பாடினோம், அதுல வந்த வினை.

அவரு என்ன வேலை பாத்தாருன்னு நினைக்கிறீங்க? அம்பாசடர். சிரிக்காதீங்க, காரு இல்லம்மா, ஆளு. தூதர். கார்ல கொடி பறக்கும்ல, அந்தத் தூதர். இப்ப ரிட்டையர் ஆகி சிக்னல் தேடிக்கிட்டு நிக்கிறாரு.

அந்த மனுஷன் எனக்குப் பண்ணின துரோகத்தை யாருகிட்டயாவது சொன்னாத்தான் என் நெஞ்சு ஆறும். மாதா கோயில்ல போயி மாதாகிட்ட சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். நீங்க கேக்குற மாதிரி உக்காந்திருக்கீங்க. வடை எடுத்துக்குங்க, சூடா இருக்கு.

கல்யாணத்துலேருந்து சொன்னாத்தான் புரியும். அவங்க ஜனத்துல வெளியாளைக் கட்ட முடியாது. மாமியார் ஒரே பிடி, இந்தப் பொண்ணுக்கு வம்சப்பேரு இல்ல, எந்த வரிசைல உக்கார வைக்கிறதுன்னு. அப்புறம் அவங்களே வழி கண்டுபிடிச்சாங்க. அவரோட தாய்மாமன் வீட்டுக்கு என்னைத் தத்து குடுத்துட்டாங்க. சினாகான்னு வம்சம். பன்னி அடிச்சு, சாட்சி வச்சு, 'இனிமே நீ சினாகா வீட்டுப் பொண்ணு'ன்னு சொல்லிட்டாங்க. தாய்மாமன் பொண்ணைக் கட்டுறதுதான் அவங்களுக்கும் ரொம்ப உசத்தி. நம்மள மாதிரியேதான். நம்ம ஊர்ல முறைப்பொண்ணு இருந்தாத்தான் உண்டு, அங்க இல்லன்னா செஞ்சுக்குவாங்க! எங்கப்பா தலைல கை வச்சுக்கிட்டாரு. 'நான் பெத்த பொண்ணுக்கு இன்னொரு அப்பனா'ன்னு. அப்புறம் பந்தில உக்காந்து நல்லா சாப்பிட்டாரு, அது வேற.

அந்தத் தத்து வீட்டுல எனக்கு ஒரு அண்ணன் வந்தாரு. தோகார் சினாகா. இவரை ஞாபகம் வச்சுக்குங்க. என் குடியைக் கெடுத்தது இவருதான்.

சரி, வேலைக்கு வர்றேன். அவரு மூணாவது செக்ரட்டரியா ஆரம்பிச்சாரு. ஒரு நாட்டுல மூணு வருஷம், அப்புறம் ஜகார்த்தா, மறுபடி ஒரு நாடு. ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டறது நான்தான். அம்மிக்கல்லை பத்திரமா போர்வையில சுத்தி எத்தனை கடல் தாண்டியிருக்கேன்! ஒரு ஊரு ஏர்போர்ட்டுல அதைக் குண்டுன்னு நினைச்சுட்டாங்க. அந்தக் கதை அப்புறம்.

தூதரகத்துல ஆபீசருங்க பொண்டாட்டிமாருக்கும் ஒரு சங்கம் உண்டு. புருஷன் என்ன கிரேடோ அதுதான் பொண்டாட்டிக்கும். புதுத் தூதரும் அவரு சம்சாரமும் வந்து இறங்குற அன்னிக்கு நாங்க எல்லாரும் கெபாயா போட்டுக்கிட்டு ஏர்போர்ட்டுல வரிசையா நிக்கணும். கெபாயான்னா லேஸ் வச்ச நீளச் சட்டை, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும், மூச்சு விட முடியாது. முதல் தடவை நான் நின்னது வரிசைக் கடைசி. எனக்கு அப்புறம் ஒரு பூந்தொட்டிதான். அந்தம்மா, தூதர் சம்சாரம், 'இபு துபெஸ்'னு, அதாவது தூதரம்மான்னு கூப்பிடணும் அவங்களை, ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. எங்கிட்ட வரும்போது கை வலிச்சுப்போச்சு போல, பூந்தொட்டியைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு நினைச்சேன். ஒருநாள் நான் அந்தப் பக்கத்துலேருந்து இறங்கி வருவேன், கடைசில நிக்கிற பொண்ணு கையைத்தான் முதல்ல பிடிப்பேன்னு.

அவரு ஏற ஏற வரிசைல நானும் நகர்ந்தேன். ரெண்டாவது செக்ரட்டரி, முதல் செக்ரட்டரி, கவுன்சிலர். பூந்தொட்டி தூரத்துல போயிடுச்சு. கடைசில தூதருக்கு அடுத்த இடத்துல அவரு, வரிசைல முதல் ஆளா நான். அதுக்கு மேல போகணும்னா பிளேன்லேருந்துதான் இறங்கணும்.

அது முடிஞ்சு ஜகார்த்தாவுக்குத் திரும்பியிருந்தப்பதான் ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ்லேருந்து வந்தாரு. கட்டில்ல உக்காந்து கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. துடைச்ச கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாரு. சந்தோசம் வந்தா அந்த மனுஷனுக்கு முகத்துல ஒண்ணும் தெரியாது, கண்ணாடிதான் பளபளங்கும். 'என் பேரை அனுப்பியிருக்காங்க'ன்னாரு. தூதரா.

எந்த நாட்டுக்கா? அது சொல்லமாட்டேம்மா. சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. குளிர் நாடு, அவ்வளவுதான்.

கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு, 'ஞானா, யாருக்கும் மூச்சு விடாதே. நம்ம அரசாங்கம் என் பேரை அனுப்பினா மட்டும் போதாது, அந்த நாடு சரின்னு பதில் சொல்லணும். அதுவரைக்கும் வெளிய தெரியக்கூடாது. தெரிஞ்சா அவங்களுக்கு அவமானம்.' 'வேணாம்னா?'ன்னு கேட்டேன். 'வேணாம்னு சொல்லமாட்டாங்க. பேசாம இருப்பாங்க. பேசாம இருந்தா வேணாம்னு அர்த்தம்'னாரு.

நான் யாருக்கும் சொல்லலம்மா. மாதா சத்தியமா. தோகார் அண்ணனுக்கு மட்டும்தான் சொன்னேன், அதுவும் முறைக்காக. பொண்ணு குடுத்த வீடு வந்து உலோஸ் போத்தாம அவங்க ஜனத்துல எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்காது. உலோஸ்னா கையால நெய்த சால்வை. பொண்ணு வீட்டுக்காரங்க அதைத் தோள்ல போட்டு ஆசி குடுத்தாத்தான் போற காரியம் விளங்கும். அதனால மேடானுக்கு போன் போட்டு, 'அண்ணே, யாருக்கும் சொல்லாதீங்க, ஒரு உலோஸை மட்டும் எடுத்துக்கிட்டு ஓசைப்படாம வாங்க'ன்னேன். வேற ஒரு குஞ்சுக்கும் சொல்லல.

தையக்காரருக்குச் சொன்னேன், அது சொன்ன கணக்கா? தூதர் போய் அந்த நாட்டு ராஜாகிட்ட நியமனப் பத்திரம் குடுக்குற அன்னிக்கு நான் கூட நிக்கணும், கெபாயா தைக்கணும். எந்த நாடுன்னு தெரியாம உள்ள கம்பளி வைக்கிறதா வேணாமான்னு அவரு எப்படி முடிவு பண்ணுவாரு? பங்குச் சாமியாருகிட்ட சொன்னேன், வேண்டிக்கத்தான். சாமியாருகிட்ட சொல்றது வெளிய போகாது. பக்கத்து வீட்டு இபு எந்தாங் இருக்காளே, அவளா கேட்டா, 'என்ன ஞானா, முகம் இப்படி ஜொலிக்குது'ன்னு. பொய்யா சொல்லமுடியும்? கோயில் மாதர் சங்கத்துல நான் ஒரு வார்த்தை சொல்லல. 'நான் இல்லாதப்ப பாட்டை யாரு நடத்துவீங்க'ன்னு மட்டும்தான் கேட்டேன்.

ஞாயித்துக்கிழமை. அவரு பண்டுங்ல ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தாரு. தோகார் அண்ணன் வந்தாரு. எப்படி வந்தாருங்கிறீங்க? ஒரு பஸ்ஸு பிடிச்சுக்கிட்டு! ஜகார்த்தாவுல இருக்கிற சினாகா வம்சம் பூராவும் அந்தப் பஸ்ல. பெரிய தட்டுல கெண்டை மீனு, மேளம், சின்னச் சின்ன வெண்கலத் தாம்பாளம் மாதிரி தாளம், உலோஸ் ஒரு கட்டு. 'ஓசைப்படாம வாங்கன்னேனே அண்ணே'ன்னேன். 'இதுக்கு மேல ஓசை குறைச்சா நம்ம குலசாமிக்கே கேக்காது தங்கச்சி'ங்கிறாரு.

அது கூடப் பரவால்ல. அப்புறம் வந்துச்சு பாருங்க பூப்பலகை.

உங்க ஊர்ல பேனர் கட்டுவீங்கல்ல, எங்க ஊர்ல பூப்பலகை. ஆளை விட உசரமா மரச்சட்டம், அது பூராவும் பூ குத்தி, நடுவுல எழுத்து. கல்யாணமோ சாவோ கடை திறப்போ, வாசல்ல கொண்டாந்து நிறுத்திடுவாங்க. ஒண்ணு வந்துச்சு. இன்னொண்ணு வந்துச்சு. எங்க வாசல்லேருந்து தெருமுனை வரைக்கும் நிக்குது. 'இன்ன நாட்டுத் தூதராகச் செல்லும் திரு சிம்போலோன் அவர்களுக்கு வாழ்த்துகள்'. நாட்டுப் பேரு சிவப்பு ரோசாப்பூவுல! கீழ அனுப்பினவங்க பேரு. மாதர் சங்கம் ஒண்ணு. பங்கு மக்கள் ஒண்ணு. இபு எந்தாங் குடும்பம் ஒண்ணு. தையக்கடைக்காரரு கூட ஒண்ணு வச்சிருந்தாரு, அவரோடதுதான் ரொம்ப அழகு. இவங்களுக்கெல்லாம் யாரு சொன்னா? வேற யாரு, தோகார் அண்ணன்தான். அந்த ஆளுக்கு வாயில பூட்டு கிடையாது.

அதுல பாருங்க, அந்த நாட்டுத் தூதரக ஆளு ஒருத்தரு எங்களுக்கு மூணாவது தெருவுல குடியிருந்தாரு. வெள்ளைக்காரரு. நாயைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா வந்தாரு. பலகையைப் பாத்து நின்னுட்டாரு. மேல படிக்கிறாரு, கீழ படிக்கிறாரு. வாசல்ல நின்ன மனுஷனை வெறும் வயித்தோட அனுப்பலாமா? நான்தான் போயி கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டு வந்தேன். நல்ல மனுஷன்மா. மீனை முள்ளு எடுத்து எடுத்து சாப்பிட்டாரு. நாய்க்கும் போட்டேன். 'உங்க ஊருக்குத்தான் வர்றோம், சீக்கிரம் பதில் போடச் சொல்லுங்க'ன்னு நானே வாய்விட்டுச் சொன்னேன். ரொம்ப மரியாதையா தலையாட்டிட்டுப் போனாரு. அப்படிப்பட்ட மனுஷன் மனசையும் யாரோ கலைச்சிருக்காங்க பாருங்க.

எங்க வீட்டுக்காரரு மத்தியானம் வந்தாரு. காரு தெருமுனையிலேயே நின்னுடுச்சு. ஒவ்வொரு பலகையா பாத்துக்கிட்டு நடந்தே வந்தாரு. நான் சண்டைக்குத் தயாரா இருந்தேன், தோகார் அண்ணனைக் கை காட்டலாம்னு. ஒரு வார்த்தை கேக்கல. உக்காந்தாரு, தோகார் அண்ணன் உலோஸ் போத்தினாரு, எல்லாருக்கும் நன்றி சொன்னாரு, மீன்ல ஒரு துண்டு சாப்பிட்டாரு. எல்லாரும் போனப்புறம் ஒரு வாளித் தண்ணி எடுத்துக்கிட்டுப் போயி அந்தப் பூவுக்கெல்லாம் தண்ணி ஊத்தினாரு. ஏன் ஊத்துறீங்கன்னு கேட்டேன். 'வாடுது'ன்னாரு.

பதில் வரல. மழைக்காலம் வந்து போச்சு, வரல. போன் அடிச்சாப் போதும், நான் ஓடுவேன். வேற ஒருத்தரு அந்த நாட்டுக்குப் போனாரு. என் கெபாயா கம்பளி வச்சுத் தச்சது அப்படியே பெட்டில இருக்கு. ஜகார்த்தா வெயில்ல அதை எங்க போடுறது?

தோகார் அண்ணனை நேரா கேட்டேன், 'ஏன் அண்ணே இப்படிப் பண்ணினீங்க'ன்னு. அவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'தங்கச்சி, அந்தப் பலகைல எதுலயாவது என் பேரு இருந்துச்சா?' கேள்வியைப் பாத்தீங்களா! தப்பு பண்ணினவன் பேரு போட்டுக்குவானா? அன்னிலேருந்து நான் அவருகூடப் பேசுறதில்ல. இந்த மனுஷன் மட்டும் வருஷா வருஷம் அவருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புறாரு. இது எந்த ஊரு நியாயம்?

டீ சொல்லட்டுமா? விழுப்புரத்துல நல்லா இருக்கும்ங்கிறாங்க. வேணாமா. சரி.

நான் துரோகம்னு சொன்னது தோகார் அண்ணனை இல்ல. அது போகுது. துரோகம் அதுக்கப்புறம்தான் வருது.

கொஞ்ச வருஷம் போச்சு. ஒருநாள் காலையில துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். இபு எந்தாங் வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பேப்பரை ஆட்டுறா. 'ஞானா! சொல்லவே இல்லையே! அழுத்தக்காரிடி நீ!' வாங்கிப் பாத்தா, அவரு படம். தூதரா போட்டுட்டாங்க. வேற நாடு, சின்ன நாடு. அந்த நாடு எப்பவோ சரின்னு சொல்லியாச்சு. ஊருக்கே தெரியும். பேப்பரை மடிச்சுப் பஜ்ஜி கட்டுறவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

'தெரியும்டி, சும்மா சொல்லல'ன்னு அவகிட்ட சிரிச்சுட்டு, உள்ள வந்து ஈரத்துணி மேலேயே உக்காந்துட்டேன்.

சாயங்காலம் வந்தாரு. 'இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்'ன்னாரு. கண்ணாடி சுத்தமா இருந்துச்சு. எங்கேயோ தனியா உக்காந்து துடைச்சிருக்காரு. அது என் முன்னாடி துடைக்க வேண்டிய கண்ணாடிம்மா.

போனோம். பிளேன்லேருந்து இறங்கினேன். வரிசையா நின்னாங்க. கடைசில நின்ன பொண்ணு கையைத்தான் முதல்ல பிடிச்சேன். அது பயந்து அழுதுடுச்சு. வரிசை குழம்பிப்போச்சு, அந்தக் கதையை விடுங்க. மூணு வருஷம் நான்தான் இபு துபெஸ். பெரிய வீடு, சமையலுக்கு ஆளு, விருந்துமேல விருந்து. ஆனா என் அதிர்ஷ்டத்தைப் பாருங்க, எந்த விருந்துல உக்காந்தாலும் எனக்கு வலது பக்கம் ஒரு பாஷைக்காரன், இடது பக்கம் ஒரு பாஷைக்காரன். ஒருத்தருக்கும் எனக்குத் தெரிஞ்ச பாஷை வராது. ஒரு தடவை ஒரு வயசான ஜெனரலு, அவருக்குக் காதே கேக்காது. மூணு வருஷமும் அப்படியே அமைஞ்சுது. யாரு இடம் போடுறதுன்னு அவருகிட்ட கேட்டேன். 'அது பெரிய கணக்கு ஞானா'ன்னுட்டாரு.

வீட்டுல அவரு எங்கிட்ட பேசறது ரெண்டுதான். சாப்பாடு நல்லா இருக்கு. மழை வர்ற மாதிரி இருக்கு. 'ஆபீஸ்ல என்னங்க?' 'வெயில் ஜாஸ்தி.' 'யாரு வந்தாங்க?' 'காத்து அடிச்சுது.' முன்னெல்லாம் அப்படி இல்லம்மா. கல்யாணமான புதுசுல பாத்ரூம்ல குளிச்சுக்கிட்டே ஆபீஸ் கதை பூராவும் கத்திக் கத்திச் சொல்லுவாரு.

அவருதானே சொன்னாரு, பேசாம இருந்தா வேணாம்னு அர்த்தம்னு? அதை நினைச்சுக்கிட்டே எத்தனை நாள் அவரு எதுக்க உக்காந்து சோறு தின்னிருக்கேன். இத்தனை வருஷமா அவரு வாயிலேருந்து எனக்கும் ஒரு பதிலு வரும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்.

இப்ப கேளுங்க. இதை யாருக்கும் சொல்லல, உங்களுக்கு மட்டும். உங்ககிட்ட சொல்றது சொன்ன மாதிரியா? நீங்க மாயவரத்துல இறங்கிடுவீங்க.

எங்க பொண்ணு தியுர்மா, அவளும் அப்பா மாதிரியே ஜகார்த்தாவுல வெளியுறவு இலாகாவுலதான் இருக்கா. பெரிய ஆபீசர். ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவா. போன மாசத்துலேருந்து என் முகத்தைப் பாத்து சாப்பிடமாட்டேங்கிறா. சாப்பிட்டதும் 'அப்பா, மாமரத்துல காய் விட்டிருக்கா பாப்போம்'ங்கிறா. மாங்கா சீசனே இல்லம்மா! ரெண்டு பேரும் மரத்தடில நின்னு குசுகுசுன்னு பேசறாங்க. நான் தட்டுல பழத்தை வச்சுக்கிட்டுப் போறேன். ரெண்டு தலையும் ஒண்ணா வானத்தைப் பாக்குது. 'மழை வர்ற மாதிரி இருக்கு.' ஒரு பொட்டு மேகம் இல்ல.

எனக்குத் தெரியாதா? நான் தூதர் பொண்டாட்டி. இவ பேரை அனுப்பியிருக்காங்க. எந்த நாடுன்னு கூட எனக்குத் தெரியும். அவ வந்தப்ப கைப்பைல எட்டிப்பாத்த பாஷைப் புஸ்தகத்தைப் பாத்துட்டேன்.

ஒரு காலையில காப்பி குடிக்கிறப்ப இவரு திடீர்னு, 'ஞானா, வேளாங்கண்ணிக்குப் போலாமா, மூணு வாரம்'ங்கிறாரு. முப்பது வருஷமா கேக்குறேன் நானு! அவரு பேரு போனப்பவே ஆள் உசரத்துக்கு மெழுகுவத்தி வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டவ. அப்பல்லாம் நேரமில்ல, இப்ப மூணு வாரம். 'உன் போனை எடுத்துக்காதே, தொலைஞ்சிடும்'ங்கிறாரு. கோவிச்சுக்காதீங்க, உங்க ஊரைச் சொல்லல. இபு எந்தாங்கிட்ட சாவி குடுக்கப் போறேன்னா, 'நான் குடுத்துட்டேன்'ங்கிறாரு. அப்பதான் எனக்கு விளங்குச்சு. பதில் வர்ற வரைக்கும் என்னைக் கடல் தாண்டிக் கொண்டாந்து வச்சிருக்காரு. பொண்ணும் அப்பாவும் பேசி வச்சு, ஒரு வயசான பொம்பளையை மாதா பேரைச் சொல்லிக் கடத்திக்கிட்டு வந்துட்டாங்கம்மா!

நான் பெத்த பொண்ணு. அவ எனக்குச் சொல்லல.

ஒரு மாசமா நான் வாயைத் திறக்கல. தையக்காரருகிட்ட போகல. சாமியாருகிட்ட கூட சொல்லல. அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது, தொண்டைல முள்ளு நின்ன மாதிரி. அதை இவங்க ரெண்டு பேரும் பாத்தாங்களா? பாக்கல. அவங்க வானத்தைத்தான் பாக்குறாங்க.

நாடா? உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, அது வந்து...

இருங்க, வர்றாரு. பையை எடுங்கம்மா, அவரு உக்காரட்டும். பயப்படாதீங்க, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க கேக்காத மாதிரி இருங்க.

யாரு போன்லன்னு கேட்டேன். தியுர்மாவாம். என்ன சொன்னாளாம்? ஜகார்த்தால மழையாம்.

பாருங்க. பாருங்க அவரைப் பாக்காத மாதிரி. கண்ணாடியைக் கழட்டிட்டாரு. சட்டை நுனியை எடுத்துத் துடைக்கிறாரு. ஒரு பக்கம் துடைச்சாச்சு. மறுபடியும் அதே பக்கம்.

மாதாவே.

'நல்ல மழையா?'ன்னு கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாக்குறாரு. கண்ணாடி இல்லாம எம்மூஞ்சி தெரியுதோ என்னவோ. 'நல்ல மழைதான் ஞானா'ங்கிறாரு. 'ரொம்ப நாளாக் காத்திருந்த மழை'ங்கிறாரு.

இல்லம்மா, நான் அழல. ஜன்னல் தூசி.

உங்களைக் காட்டி, இந்தம்மாகிட்ட இவ்வளவு நேரம் என்ன பேசினேன்னு கேக்குறாரு.

உங்க ஊரு வெயிலைப் பத்தின்னு சொல்லிட்டேன். சிரிச்சுடாதீங்க, அவரு பாக்குறாரு.